பால்மறந்த தாய்ப்பன்றிகளைச் சேதமில்லாமல் ஒரே கூட்டில் சேர்ப்பது: முழுமையான வழிகாட்டி

குட்டிகளிடமிருந்து பிரித்த தாய்ப்பன்றிகளை ஒரே கூட்டில் விட்டால் அவை சண்டையிடும். அதை முற்றாகத் தடுக்க வழியில்லை. யார் முதலில் உண்பது, யார் ஒதுங்கி நிற்பது என்ற வரிசை உருவாகும்வரை பன்றிக் கூட்டத்தில் அமைதி வராது. அந்த வரிசை தள்ளியும் கடித்தும்தான் உருவாகிறது.

ஆனால் மூன்று விடயங்கள் நம் கையில் இருக்கின்றன: சண்டை எந்த நாளில் நடக்கிறது, எந்த இடத்தில் நடக்கிறது, தோற்ற பன்றிக்கு ஓட வழி இருக்கிறதா. இந்த மூன்றையும் பன்றிகள் ஒன்றையொன்று பார்க்கும் முன்பே முடித்துவைக்க வேண்டும். புதிதாகப் பன்றி வளர்ப்பவர்கள் முதலில் கதவைத் திறந்துவிடுகிறார்கள்; இரத்தத்தைக் கண்ட பிறகுதான் பலகை தேடி ஓடுகிறார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள். நான்கு முதல் பன்னிரண்டு தாய்ப்பன்றிகள் வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. முதலில் நாட்காட்டி

தாய்ப்பன்றிகளைச் சேர்ப்பதற்குப் பாதுகாப்பான காலங்கள் இரண்டுதான். ஒன்று, பால்மறக்கச் செய்யும் நாளும் அதற்கடுத்த நாளும். மற்றது, இணைசேர்த்து ஐந்து வாரம் கடந்து சினை உறுதியான பின். இடைப்பட்ட காலத்தில் எந்தப் பன்றியையும் கூடு மாற்றவோ, புதிய பன்றியை உள்ளே விடவோ வேண்டாம்.

காரணம் கருப்பைக்குள் இருக்கிறது. இணைசேர்ந்து ஏறத்தாழ 12ஆம் நாளில், தான் சினையாக இருப்பதைத் தாயின் உடல் அறிந்துகொள்கிறது. அதற்குக் குறைந்தது நான்கு கருக்களாவது உயிரோடு இருக்க வேண்டும். அடுத்த ஓரிரு நாட்களில் கருக்கள் கருப்பைச் சுவரில் ஒட்டத் தொடங்குகின்றன. நான்காம் வாரம் முடியும்வரை அந்தப் பிடிப்பு மெல்ல மெல்ல உறுதிப்படுகிறது. இந்த நாட்களில் துரத்தல், கடி, பட்டினி, கடும் வெப்பம் என எது வந்தாலும் கருக்கள் கரைந்துபோகலாம். வெளியே ஓர் அடையாளமும் தெரியாது.

பின்னால் தெரியவரும் விதத்தை வைத்துக் காரணத்தை ஓரளவு கண்டுபிடிக்கலாம். இணைசேர்த்த 18 முதல் 24 நாட்களுக்குள் பன்றி மீண்டும் வேட்கைக்கு, அதாவது இணைசேரத் தயாராகும் நிலைக்கு, வந்தால், பெரும்பாலும் அது சினைப்படவே இல்லை. 25 நாட்களுக்குப் பின், முறை தவறி வேட்கை திரும்பினால், சினைப்பட்டு இழந்திருக்கிறது என்று எண்ண இடமுண்டு. அந்த நாட்களில் கூட்டைக் கலைத்தீர்களா என்று உங்கள் குறிப்பேட்டைப் பாருங்கள். பலர் இதைப் பார்க்காமலே ஆண் பன்றியின் மீது பழிபோட்டு அதை விற்றுவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் தாய்ப்பன்றிகளைக் கூட்டமாக வைப்பது சட்டப்படி கட்டாயம். அங்கும் அந்தக் கட்டாயம் இணைசேர்த்து நான்கு வாரம் கழிந்த பிறகே தொடங்குகிறது.

சிறிய பண்ணைக்கு நான் பரிந்துரைப்பது முதலாவது காலம், அதாவது பால்மறக்கச் செய்யும் அன்றே சேர்ப்பது. கருப்பையில் அப்போது இழப்பதற்கு எதுவும் இல்லை. பால்மறந்த நான்கு முதல் ஆறு நாட்களில் பெரும்பாலான பன்றிகள் வேட்கைக்கு வரும். வியாழக்கிழமை பிரித்தால் திங்கள் முதல் புதன் வரை இணைசேர்க்கும் நாட்களாக அமையும். அதற்குள் சண்டை அடங்கியிருக்கும், நீங்களும் வார இறுதியில் கூட்டருகே இருக்க முடியும்.

அடுத்தது பருவம். நத்தார் இறைச்சிக்குக் குட்டிகளைத் தயார்செய்ய நினைப்பவர்கள் மே, ஜூன் மாதங்களில் ஈனும்படி கணக்கிடுகிறார்கள். அப்போது பால்மறக்கும் நாள் ஜூன், ஜூலையில் வந்து விழும். நம் திருகோணமலையில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அனலாக வீசும் மாதங்கள் அவை. பன்றிக்கு வியர்வையால் உடலைக் குளிர்விக்கும் திறன் கிடையாது. சண்டையும் வெயிலும் ஒரே நேரத்தில் தாக்கினால், காயத்தால் சாகாத பன்றி மூச்சுத் திணறிச் சாகும். நத்தார்க் கணக்கை மாற்ற முடியாவிட்டால், சேர்க்கும் நேரத்தையாவது மாலைக்குத் தள்ளுங்கள். ஐந்தாம் படியில் அதற்கு வருகிறேன்.

2. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது

பிரிக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு தாய்ப்பன்றியையும் நிற்கவைத்துப் பாருங்கள். நொண்டுகிற பன்றி, இடுப்பெலும்பும் முதுகெலும்பும் துருத்திக்கொண்டிருக்கும் பன்றி, மடி கல்லாக இறுகிச் சூடாக இருக்கும் பன்றி, ஆறாத புண் உள்ள பன்றி ஆகியவற்றைக் கூட்டத்தில் விட வேண்டாம். ஓட முடியாத பன்றியால் தோல்வியை ஒப்புக்கொண்டு விலக முடியாது. விலகாத பன்றியை மற்றவை விடுவதில்லை.

அடுத்து அளவைப் பாருங்கள். முதல் ஈற்றுப் பன்றியையும் ஐந்தாறு ஈற்றுக் கண்ட பெரிய பன்றியையும் ஒன்றாக விட்டால் சண்டை சீக்கிரம் முடிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஓரளவு உண்மைதான், எடை வித்தியாசம் கூடினால் வரிசை வேகமாகத் தீர்மானமாகும். ஆனால் விலை கொடுப்பது எப்போதும் அந்தச் சின்னப் பன்றி. பாலூட்டி இளைத்து, இன்னும் தானே வளர்ந்துகொண்டிருக்கும் அது, தீனிக்கு வர அஞ்சி மேலும் இளைக்கும். வேட்கைக்கு வரவும் பிந்தும். முதல் ஈற்றுப் பன்றிகள் இரண்டு மூன்று இருந்தால் அவற்றைத் தனிக் கூட்டமாக வையுங்கள். ஒன்றே ஒன்று இருந்தால், அடங்கிய குணமுள்ள இரண்டாம் ஈற்றுப் பன்றி ஒன்றோடு மட்டும் சேருங்கள்.

“இவை முன்பு ஒன்றாக இருந்தவைதானே, ஒன்றையொன்று தெரியும்” என்ற நம்பிக்கை பெரிய ஏமாற்றம் தரும். பன்றிகள் பழகியவற்றை நான்கு முதல் ஆறு வாரம் வரை நினைவில் வைத்திருக்கும். ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பே தாயைப் பிரசவக் கூட்டுக்கு மாற்றுகிறோம். குட்டிகளை நான்கு வாரத்தில் பிரித்தால் பிரிவு ஐந்து வாரம். பழைய பழக்கம் கொஞ்சம் கைகொடுக்கும். ஆறேழு வாரம் பாலூட்டவிட்டுப் பிரிப்பவர்களின் பன்றிகள் அறிமுகமில்லாதவை போலவே மோதும். பழைய கூட்டாளிகளைச் சேர்ப்பது நல்லதுதான். ஆனால் அதை நம்பிக் கூட்டைத் தயார்செய்யாமல் விடாதீர்கள்.

3. சந்திக்கும் கூட்டைத் தயார்செய்தல்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரமும் பணமும் தேவை. மற்ற எல்லாப் படிகளும் இதன் மேல் நிற்பவை.

இடம். அமைதியான கூட்டத்துக்கு ஒரு பன்றிக்கு 27 சதுர அடி போதும். சேர்க்கும் முதல் சில நாட்களுக்கு அது போதாது. ஒன்றுக்கு 40 சதுர அடியாவது கொடுங்கள். ஐந்து பன்றிகளுக்குப் பத்தடி அகலமும் இருபதடி நீளமும் கொண்ட கூடு சரியாக இருக்கும். சதுரமான கூட்டைவிட நீளமான கூடு நல்லது. தோற்ற பன்றி ஓடத் தொடங்கியதும் வென்ற பன்றி சில அடிகள் துரத்திவிட்டு நின்றுவிடும். அந்தச் சில அடிகள் கூட்டில் இல்லாவிட்டால் தோற்றது சுவரில் முட்டி நிற்கும். வென்றது அதை இன்னும் எதிர்ப்பதாகவே எடுத்துக்கொள்ளும்.

அவ்வளவு பெரிய கூடு இல்லாதவர்கள், இரண்டு கூடுகளுக்கு இடையிலுள்ள கதவைக் கழற்றி ஒன்றாக்கலாம். அல்லது கூட்டுக்கு வெளியே மண் தரையில் தற்காலிக வேலி அடித்து முதல் இரண்டு நாட்களை அங்கே கழிக்கலாம். சாம்பல்தீவு, நிலாவெளி போன்ற கரையோர மணல் தரை இதற்கு மிகவும் ஏற்றது: கால் வழுக்காது, விழுந்தாலும் முழங்கால் சிதையாது. வேலி மூன்றரை அடிக்குக் குறையக் கூடாது. கம்பங்களை ஆழமாகப் புதையுங்கள். 200 கிலோகிராம் எடையுள்ள பன்றி ஓடிவந்து மோதும் இடம் அது.

மறைப்பு. கூட்டின் நடுப்பகுதியில் சுவரோடு ஒட்டாமல் ஒன்றிரண்டு தடுப்புகள் வையுங்கள். நீளம் ஆறு முதல் எட்டடி, உயரம் மூன்றடிக்கு மேல். பனங்குற்றியை அடுக்கிக் கட்டலாம், சீமெந்துக் கல்லால் கட்டலாம், தடித்த பலகையாலும் அடிக்கலாம். இரண்டு முனைகளிலும் ஒரு பன்றி தாராளமாகத் திரும்பிப் போக இடம் இருக்க வேண்டும். பன்றியின் கோபம் பெரும்பாலும் பார்வையோடு போய்விடும். கண்ணுக்கு மறைந்த எதிரியை அது தேடிப் போவது குறைவு. தடுப்பைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அங்கே ஒரு முடுக்கு உருவாகும். முடுக்கில் அகப்பட்ட பன்றிக்குத்தான் மிக மோசமான கடிகள் விழுகின்றன. இந்தத் தவற்றை நல்ல எண்ணத்தோடு தடுப்புக் கட்டியவர்களிடமே அதிகம் பார்க்கிறேன்.

கூரைத் தகரத் துண்டுகளைத் தடுப்பாகப் பயன்படுத்தாதீர்கள். ஒரு மோதலில் வளைந்து, அடுத்த மோதலில் தொடையைக் கிழித்துவிடும்.

தரை. வழுக்கும் சீமெந்துத் தரையில் சண்டையிட்ட பன்றிக்குக் கடிக் காயத்தைவிட இடுப்பு விரிந்துபோவதுதான் பேராபத்து. பின்னங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் பிளந்து விழுந்த பன்றி சிலவேளை எழுவதே இல்லை. கழுவுவதை முதல் நாளே முடித்து, தரையை நன்றாகக் காயவிட்டு, மேலே உமியோ வைக்கோலோ தடிப்பாகப் பரப்புங்கள். தம்பலகாமம், கந்தளாய் வயல்களில் அறுவடை முடிந்ததும் வைக்கோல் எளிதாகக் கிடைக்கும். அப்போதே வாங்கி நனையாமல் வைத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் பன்றிக்கு வேலையும் கொடுக்கிறது. கிளறவும் மெல்லவும் ஏதாவது இருந்தால் அடுத்த பன்றியின் காதுக்கு வாய் போவது குறையும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் சாரல் உள்ளே அடிக்கும் பக்கத்தைப் பொலித்தீன் விரிப்பால் மறைக்க மறக்க வேண்டாம்.

தண்ணீர். குடிக்கும் இடம் ஒன்றே ஒன்றாக இருந்தால் பலசாலிப் பன்றி அதன் முன்னே படுத்துக்கொள்ளும். கூட்டின் இரு எதிர்ப் பக்கங்களிலும் ஒவ்வொன்று வையுங்கள். ஒரு தாய்ப்பன்றி நாளொன்றுக்குச் சாதாரணமாக 15 முதல் 20 லீற்றர் வரை குடிக்கும். வெயில் காலத்தில் அதற்கும் கூடும். குழாய் முனை நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றருக்குக் குறையாமல் ஊற்றுகிறதா என்று ஒரு போத்தலைப் பிடித்து அளந்து பாருங்கள்.

ஒதுக்கிடம். அருகில் ஒரு சிறிய கூடு வெறுமையாக இருக்க வேண்டும். அடிபட்ட பன்றியை மாற்ற இடம் இல்லாமல் சேர்ப்பு வேலையைத் தொடங்கவே கூடாது.

4. கம்பி வழியாக முன் அறிமுகம்

வசதி இருந்தால், சேர்ப்பதற்கு மூன்று நான்கு நாட்களுக்கு முன் அந்தப் பன்றிகள் கம்பி இடைவெளி வழியாக மூக்கைத் தொட்டு மணம் பிடிக்கும்படி வையுங்கள். தலை நுழையாத இடைவெளி போதும். குட்டிகளோடு இருக்கும் தாயை இடம் மாற்ற வேண்டாம். பிரசவக் கூடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இடையிலுள்ள பலகையை எடுத்துவிட்டுக் கம்பியை மட்டும் விடுவதே போதும். கொஞ்சம் பழகிய மணத்தோடு வந்தால் முதல் மோதல் சுருக்கமாக முடியும்.

வாசனையை மறைப்பதற்கென்று மண்ணெண்ணெய், வாகனக் கழிவு எண்ணெய் ஆகியவற்றைப் பன்றிகளின் மேல் பூசும் வழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். தோல் வெந்துபோகும், கடிக் காயத்துக்குள் நச்சும் இறங்கும். வாசனை மறையும் சில மணிநேரம் சண்டை தள்ளிப்போகிறது, அவ்வளவுதான்; நீங்கள் உறங்கப் போன பிறகு அது தொடங்கும்.

5. பிரிக்கும் நாள்: மணிக்கணக்கில்

காலையில் வழக்கமான தீனியைக் கொடுங்கள். பால் வற்றட்டும் என்று அன்று தீனியையும் தண்ணீரையும் நிறுத்துவது பழைய பழக்கம். குட்டிகள் குடிப்பதை நிறுத்தியதுமே மடி தானாக வற்றத் தொடங்கும். பட்டினி போடத் தேவையில்லை. பசித்த பன்றி சண்டைக்கும் முந்தும், வேட்கைக்கும் பிந்தும். தண்ணீரை நிறுத்துவது வெயில் காலத்தில் உயிருக்கே ஆபத்து.

பிற்பகல் மூன்றரை மணியளவில் சந்திக்கும் கூட்டில் நல்ல அளவு தீனியை அகலமாகத் தூவிவையுங்கள். தவிடு கலந்த, வயிற்றை நிரப்பும் தீனியாக இருக்கட்டும். வைக்கோலையும் உதறிப் போடுங்கள்.

நாலரை மணிக்குத் தாய்களை வெளியே எடுங்கள். குட்டிகள் பிரசவக் கூட்டிலேயே ஒரு வாரம் இருக்கட்டும். தாயும் இடமும் ஒரே நாளில் மாறினால் குட்டிகளுக்கு வயிற்றோட்டம் எளிதில் வரும். இது குட்டிகளைப் பற்றிய வழிகாட்டி அல்ல என்பதால் இதோடு விடுகிறேன்.

எல்லாத் தாய்களையும் சில நிமிடங்களுக்குள், எந்தப் பன்றிக்கும் சொந்தமல்லாத அந்தக் கூட்டுக்குள் விடுங்கள். இதுதான் இந்தப் படியின் உயிர். முதலில் ஒன்றை விட்டு, மறுநாள் இன்னொன்றை விட்டால், முதலில் வந்தது கூட்டைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். பின்னால் வரும் ஒவ்வொன்றும் அத்துமீறி நுழைந்ததாகக் கருதப்படும். ஒரே சண்டையாக முடிந்திருக்க வேண்டியது நான்கு சண்டைகளாகப் பெருகும்.

நாலரை மணிக்குக் காரணம் இருக்கிறது. வெயில் தணிந்திருக்கும், ஆனால் இருட்டுவதற்கு ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் மிச்சமிருக்கும். மிகக் கடுமையான மோதல்களை வெளிச்சத்தில் நின்று பார்க்கலாம். இருட்டியதும் பன்றிகள் படுக்கத் தேடும். இரவின் குளிர்ச்சியும் உதவும். மங்கலான விளக்கு ஒன்றை விடியும்வரை எரியவிடுங்கள்.

ஆண் பன்றி இருந்தால், பக்கத்துக் கூட்டில் கம்பிக்கு அப்பால் நிற்கட்டும். அதன் மணமும் குரலும் தாய்ப்பன்றிகளின் கவனத்தை இழுத்துச் சண்டையை ஓரளவு தணிக்கும், வேட்கையையும் தூண்டும். ஆனால் அதைக் கூட்டத்துக்குள் விடாதீர்கள். எந்தப் பன்றி எந்த நாளில் இணைசேர்ந்தது என்று பிறகு சொல்ல முடியாமல் போகும். முதலாம் படியில் போட்ட நாட்காட்டி முழுவதும் வீணாகும்.

6. முதல் மூன்று மணிநேரம்: எதை விடுவது, எதில் தலையிடுவது

கையில் ஒரு பலகையோடு வெளியே நில்லுங்கள். மூன்றடி நீளம், இரண்டரை அடி உயரம், மேலே கைபிடிக்கத் துளை. ஒட்டுப்பலகையில் செய்தால் இலேசாக இருக்கும்.

முதலில் பன்றிகள் மூக்கோடு மூக்கு வைத்து மணம் பிடிக்கும். பிறகு இரண்டு பன்றிகள் தோளோடு தோள் ஒட்டி ஒன்றையொன்று தள்ளும், தலையால் இடிக்கும், கழுத்தையும் தோளையும் காதையும் கடிக்கும். சத்தம் பயங்கரமாக இருக்கும். தோளில் நீளமான கீறல்கள் சிவந்து எழும். இவை எல்லாம் வழமையானவை, விட்டுவிடுங்கள். ஒன்று திடீரென்று திரும்பி ஓடும். அந்தத் திரும்புதல்தான் தீர்ப்பு. மற்றது சில அடிகள் துரத்தி நின்றால் அந்த இரண்டுக்குமிடையே விடயம் முடிந்தது.

புதியவர்கள் இந்த இடத்தில்தான் பொறுமை இழக்கிறார்கள். சத்தத்துக்குப் பயந்து, தீர்ப்பு வரும் முன்பே இரண்டையும் பிரித்து வெவ்வேறு கூட்டில் போட்டு, நாளைக்கு மீண்டும் சேர்க்கிறார்கள். நாளை அதே சண்டை முதலிலிருந்து தொடங்கும், இந்த முறை ஏற்கெனவே காயப்பட்ட உடம்போடு.

தலையிட வேண்டிய நேரங்கள் இவை. ஓடிய பன்றியை விடாமல் பல பன்றிகள் சேர்ந்து துரத்தினால். ஒன்று முடுக்கில் மாட்டி, திரும்ப முடியாமல் கடிவாங்கினால். பெண்குறியை யாராவது கடித்தால். அங்கே இரத்தம் நிற்பது கடினம், பிறகு ஈனும்போதும் சிக்கல் வரும். விழுந்த பன்றி எழ முடியாமல் தவித்தால். வாயைத் திறந்து, நுரை தள்ளி, வேகமாக மூச்சு வாங்கத் தொடங்கினால்.

கடைசி அடையாளத்தைக் கச்சான் மாதங்களில் எல்லாவற்றுக்கும் மேலாகக் கவனியுங்கள். அப்படி மூச்சு வாங்கினால் இரண்டு பன்றிகளுக்கும் இடையில் பலகையை நுழைத்துப் பிரித்து, ஒன்றைத் தடுப்புக்கு அப்பால் ஓட்டி, உடம்பின் மேல் மெதுவாகத் தண்ணீர் தெளியுங்கள். மூச்சு ஆறும்வரை இடையில் பலகையோடு நில்லுங்கள். முடிந்தவரை கூட்டை விட்டு வெளியே எடுக்காமல் இதைச் செய்வது நல்லது.

பலகை எப்போதும் உங்களுக்கும் பன்றிக்கும் நடுவில் இருக்கட்டும். சண்டையிடும் இரண்டு பன்றிகளின் நடுவே வெறும் கையோடும் காலோடும் புகாதீர்கள். அவை உங்களைக் கடிக்க நினைப்பதில்லை, ஆனால் திரும்பும் தலை முழங்காலை உடைத்துவிடும். தடியால் அடிப்பதும் பயனற்றது. அடியின் வலியை அது எதிரில் நிற்கும் பன்றி கொடுத்ததாக எடுத்துக்கொண்டு இன்னும் வெறியோடு பாயும்.

கடும் சண்டை முதல் சில மணிநேரத்தில் முடியும். 24 முதல் 48 மணிநேரத்துக்குள் பெரும்பாலும் அடங்கி, இரண்டு மூன்று நாட்களில் வரிசை நிலைத்துவிடும். எல்லாம் அருகருகே படுத்து உறங்கினால் வேலை முடிந்தது. ஒன்று மட்டும் ஒதுங்கி, சாணமும் சிறுநீரும் கிடக்கும் ஈர மூலையில் படுத்திருந்தால் இன்னும் முடியவில்லை என்று பொருள்.

7. தீனி: இரண்டாம் நாளிலிருந்து தொடங்கும் சண்டை

வரிசை தீர்மானமான பிறகும் காயம் வருகிறதென்றால், காரணம் பெரும்பாலும் தீனித் தொட்டி. பெண்குறிக் கடி இங்கேதான் அதிகம் நடக்கிறது: முன்னால் ஒன்று உண்டுகொண்டிருக்கும், பின்னால் இடமில்லாமல் நிற்கும் பன்றியின் வாய்க்கு நேரே அதுதான் இருக்கும்.

எல்லாப் பன்றிகளும் ஒரே நேரத்தில் உண்ண இடம் இருக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்றரை அடிக்கு மேல் தொட்டி நீளமும், நடுவில் தோள்வரை நீளும் தடுப்பும் இருந்தால் நல்லது. தலையையாவது மறைத்தால், அடங்கிய பன்றியும் நிம்மதியாகச் சாப்பிடும். தொட்டி இல்லாமல் தரையில் போடுபவர்கள், பன்றிகளின் எண்ணிக்கையைவிட இரண்டு மூன்று குவியல்கள் கூடுதலாக, தள்ளித்தள்ளிப் போடுங்கள். ஒரு குவியலிலிருந்து விரட்டப்பட்ட பன்றி அடுத்ததற்குப் போகும்.

இணைசேர்க்கும்வரை நல்ல தீனி ஒன்றுக்கு நாளைக்கு மூன்று முதல் மூன்றரைக் கிலோகிராம் கொடுங்கள். இளைத்த உடம்பைத் தேற்றவும், முட்டைகள் நன்றாக வெளிவரவும் அது தேவை. இணைசேர்த்த பின் இரண்டு, இரண்டரைக் கிலோகிராமாகக் குறைக்கும்போது பசி தெரியாதிருக்க அரிசித் தவிடோ கோதுமைத் தவிடோ வைக்கோலோ சேருங்கள். சீனக்குடாவில் மாவாலை இருப்பதால் கோதுமைத் தவிடு நம் பக்கத்துக்கு அந்நியமான பொருள் அல்ல. நார்ச்சத்துக்கு அது நல்லது.

உப்புவெளி, நிலாவெளி விடுதிகளின் மிச்ச உணவை நம்பி வளர்ப்பவர்கள் ஒரு விடயத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த உணவு ஒரு நாள் அதிகமாகவும் மறுநாள் கொஞ்சமாகவும் வரும். வரும் நேரமும் நிலையில்லை. புதிதாகச் சேர்ந்த கூட்டத்துக்கு இதைவிடச் சண்டை மூட்டும் ஏற்பாடு வேறு இல்லை. முதல் வாரமாவது நேரம் தவறாத, அளவு மாறாத தீனியைக் கொடுங்கள். மிச்ச உணவு எப்போது கொடுத்தாலும் இறைச்சி கலவாததாக, நன்றாகக் கொதிக்கவைத்ததாக இருக்க வேண்டும்.

8. வேட்கை நாட்கள்

நான்காம் நாள் வாக்கில் ஒன்றின் மேல் ஒன்று ஏறத் தொடங்கும். இது கோபம் அல்ல, வேட்கை. ஆனால் கால் உடைவது இந்த நாட்களில்தான். ஏறும்போது அசையாமல் நிற்கும் பன்றியை உடனே குறித்துக்கொண்டு ஆண் பன்றியிடம் கொண்டுபோங்கள். முடிந்ததும் அதே கூட்டத்துக்குத் திருப்பி விடுங்கள். சில மணிநேரப் பிரிவால் வரிசை கலையாது. இன்னும் வேட்கைக்கு வராத, மற்றவற்றால் ஓயாமல் மிதிக்கப்படும் பன்றியைப் பகலில் மட்டும் ஒதுக்கிடத்தில் வைத்து இளைப்பாற விடலாம்.

9. காயங்கள்

காலையும் மாலையும் ஒவ்வொரு பன்றியையும் சுற்றிப் பாருங்கள். தோளிலும் கழுத்திலும் மேலோட்டமான கீறல்கள் தாமே ஆறிவிடும். காது, வால், பெண்குறி, மடிக்காம்பு, குளம்புக்கு மேலுள்ள பகுதி ஆகியவற்றில் காயம் இருந்தால் சுத்தமான தண்ணீரால் கழுவி, அயடீன் கரைசல் பூசி, ஈ அண்டாத மருந்தைச் சுற்றிலும் தெளியுங்கள். நம் வெப்பத்தில் ஈ முட்டையிட்ட காயம் ஒரே நாளில் புழு வைத்துவிடும். காதின் உட்பக்கத்தையும் வாலின் அடியையும் பார்க்காமல் விடுவதால்தான் புழு ஆழமாக இறங்கும்வரை தெரியாமல் போகிறது.

ஆழமான துளைக் காயம், தீனி மறுப்பு, காலை ஊன்றாமை, உடல் சூடு இவற்றில் ஒன்று இருந்தாலும் கால்நடை வைத்தியரை அழையுங்கள். மிச்சமிருந்த ஊசி மருந்தை நீங்களே போட வேண்டாம்.

10. பிந்தி வரும் பன்றியும் வாங்கி வரும் பன்றியும்

கூட்டம் அடங்கிய பிறகு ஒரே ஒரு பன்றியை உள்ளே விடுவது, அதை எல்லாவற்றுக்கும் இரையாக்குவது போன்றது. பால்மறக்கப் பிந்திய பன்றியை, சினை உறுதியாகும்வரை தனியே வைத்து, ஐந்து வாரத்துக்குப் பின் இன்னொரு பன்றியோடு சோடியாகச் சேருங்கள். முன்பே கம்பி வழியாகப் பழகிய சோடியாக இருந்தால் இன்னும் நல்லது. அப்போதும் மூன்றாம் படியில் சொன்ன பெரிய இடமும் மறைப்பும் தேவை.

வெளியிலிருந்து வாங்கிய பன்றியைக் குறைந்தது ஒரு மாதமாவது தனியிடத்தில், தனிச் செருப்பும் தனி வாளியும் வைத்துப் பராமரித்த பிறகே சேர்க்க வேண்டும். 2024இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் பரவியது. அந்த நோய்க்கு இங்கே மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. நோயுற்ற பன்றியின் இரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருக்கும். சேர்ப்புச் சண்டையில் பன்றிகள் ஒன்றின் இரத்தத்தை மற்றது வாயில் எடுத்துக்கொள்கின்றன. புதிய பன்றியைக் கொண்டுவந்த அன்றே கூட்டத்துக்குள் விடுவதைப் போல அந்த நோய்க்கு வழிதிறக்கும் காரியம் வேறில்லை. இரவல் வாங்கும் ஆண் பன்றிக்கும் இதே விதி.

11. மூன்று நாள் கடந்தும் அடங்காத ஒன்று

சில கூட்டங்களில், எல்லாம் அடங்கிய பிறகும் ஒரு பன்றி மட்டும் தீனியை விட்டு எழுந்துபோய் மற்றவற்றைக் கடித்துக்கொண்டே இருக்கும். அடிபடுவதை வெளியே எடுப்பதே பலரின் முதல் எண்ணம். ஆழமான காயம் இல்லாவிட்டால், கடிப்பதை வெளியே எடுங்கள். இரண்டு மூன்று நாட்கள் ஒதுக்கிடத்தில் வைத்து, பிறகு மாலையில், தீனி தூவிய நேரத்தில் திருப்பி விடுங்கள். இதற்குள் கூட்டம் அது இல்லாமல் தன் வரிசையை ஒழுங்குபடுத்தியிருக்கும். இப்போது அதுதான் புதிதாக வரும் பன்றி. ஆனால் இணைசேர்க்கும் நாளுக்கு முன்பே இதைச் செய்து முடிக்க வேண்டும். நாள் கடந்துவிட்டால், ஐந்து வாரம் அது தனியாகவே இருக்கட்டும்.

அடுத்த ஈற்றிலும் அதே பன்றி அப்படியே நடந்தால், எத்தனை குட்டி ஈன்றாலும் நான் அதைக் கூட்டத்தில் வைத்திருக்க மாட்டேன். மற்ற நான்கு பன்றிகளின் வயிற்றில் அது அழிக்கும் குட்டிகள் கணக்கில் வருவதில்லை என்பதால்தான் பலர் அதை நல்ல பன்றி என்று நினைத்து வைத்திருக்கிறார்கள்.

யார் யாரோடு சேர்ந்தது, எந்தத் திகதி, யார் அடங்கினாள், யாருக்குக் காயம் என்று கூட்டுச் சுவரில் ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். ஒன்றாக அடங்கிய கூட்டத்தை இயன்றவரை கலைக்காமல் ஒரே வாரத்தில் ஈனவும் ஒரே நாளில் பால்மறக்கவும் வைத்தால், அடுத்த முறை நான்கு வாரப் பாலூட்டலுக்குப் பின் அவை திரும்பிச் சேரும்போது பலகைக்கு வேலை குறைவாகவே இருக்கும்.